மரக் கொட்டகையில் ஒரு இசைக்குழு, குடியாத்தத்தில் ஒரு மைக்செட்

டொரொன்டோ என்றால் நமக்கு ஸ்கார்பரோ ஞாபகம் வரும், அங்கே குடியேறிய ஈழத் தமிழர்கள் ஞாபகம் வருவார்கள். அதே ஊரில் 1990களின் நடுவிலிருந்து டூ மேக் சே திங்க் என்று ஒரு இசைக்குழு இருக்கிறது. பாடகர் கிடையாது. கிட்டார்கள், பேஸ், டிரம்பெட், சாக்ஸபோன், அப்புறம் இரண்டு டிரம்மர்கள். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் தலையாட்டுகிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சென்னையில் மேற்கத்திய இசை கேட்கிறவர்களிடமும் பெரிதாகத் தெரியாது. இவர்களைப் பற்றித் தமிழில் யாராவது நீளமாக எழுதமாட்டார்களா என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

இவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2000இல் வந்தது. ‘குட்பை எனிமி ஏர்ஷிப் த லேண்ட்லார்ட் இஸ் டெட்’ என்று நீண்ட பெயர். ஏழு உருப்படிகள். இதை ஒரு மரக் கொட்டகையில் பதிவு செய்தார்கள். அந்த நாட்டு விவசாயிகள் வைக்கோலும் தானியமும் போட்டு வைக்கிற உயரக் கூரைக் கொட்டகை. நகரத்து ஸ்டுடியோவில் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, சத்தம் எதிலும் பட்டுத் திரும்பாதபடி அடக்கி வைப்பார்கள். எதிரொலி வேண்டுமென்றால் பிறகு கருவியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இவர்கள் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதால் அந்தக் கூரையும் பலகையும் ஆல்பத்துக்குள் வந்துவிட்டன. டிரம்மில் ஒரு அடி விழுந்தால் அது போய் எங்கோ மோதி, கொஞ்சம் மழுங்கி, தாமதமாகத் திரும்புவது காதில் விழும். மரம் சத்தத்தின் கூர்மையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அந்த ஆல்பம் முழுக்க ஒரு கதகதப்பு இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது வாசிப்பைவிட அந்த இடம்தான் எனக்குள் இறங்கியது.

குழுவின் பெயருமே ஒரு அறையிலிருந்து வந்ததுதான். ஆரம்ப காலத்தில் ஒரு தொடக்கப்பள்ளி அறையில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்காகச் சுவரில் எழுதியிருந்த நான்கு சொற்களை அப்படியே பெயராக எடுத்துக்கொண்டார்கள். 2009இல் வந்த ‘அதர் ட்ரூத்ஸ்’ ஆல்பத்தில் நான்கே உருப்படிகள். அந்த நான்கு சொற்களையும் உருப்படிக்கு ஒன்றாகத் தலைப்பாக வைத்தார்கள்.

இந்த வகை இசைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயர். சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் 1994இல் எழுதிய கட்டுரைகள் மூலம் அந்தச் சொல் பரவியது. ராக் இசையின் அதே கருவிகளை வைத்துக்கொண்டு ராக் செய்யாத வேலையைச் செய்வது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கிட்டார் மெட்டு வாசிக்க வேண்டியதில்லை; ஒரு நிறத்தை, ஒரு பரப்பை உண்டாக்கினால் போதும். பிறகு அந்தச் சொல்லை எல்லோர்மேலும் ஒட்டினார்கள், அதன் கூர்மை போய்விட்டது. இப்போது போஸ்ட்-ராக் என்று தேடினால் வருவதில் பாதிக்குமேல் ஒரே அச்சு: மெதுவாக ஒரு கிட்டார், அதன்மேல் இன்னொன்று, எட்டாவது நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய இரைச்சல், முடிந்தது. அதையே பத்துக் குழுக்களிடம் கேட்டால் அலுத்துவிடும். ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஏற்றத்துக்கு என்ன மதிப்பு?

டூ மேக் சே திங்க் ஏறுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏறுவார்கள். ஆனால் அதை நம்பிப் பிழைப்பவர்கள் இல்லை. ஜாஸ் தெரிந்த கைகள். ஜமைக்காவின் டப் இசையில் மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியம் மாதிரி வாசிப்பார்களே, அந்தப் பழக்கமும் இவர்களிடம் உண்டு. எங்கோ போய்க்கொண்டிருக்கிற உருப்படியில் திடீரென்று பேஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுவார்கள். அப்போதுதான் அது எவ்வளவு பெரிய இடத்தில் நடந்துகொண்டிருந்தது என்று உறைக்கும்.

இடம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் இருக்கிறது. இந்த இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அட்மாஸ்ஃபியரிக், அதாவது ஒரு சூழலை உண்டாக்குவது, என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பனிமூட்டம், மலைச்சாரல், மாலை வெளிச்சம் என்று படம் காட்டுகிறார்கள். அந்தச் சூழல் காதுக்குள் எப்படி உருவாகிறது என்று கேட்டால் பதில் ரொம்ப எளிமையானது. ஒரு சத்தம் பிறந்த இடத்துக்கும் அது பட்டுத் திரும்பிய இடத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம். அவ்வளவுதான். அந்த நேரத்தை வைத்துத்தான் காது ஒரு இடத்தின் அளவைப் புரிந்துகொள்கிறது. பாட்டும் சொற்களும் இருந்தால் நம் கவனம் அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடும். பாடகர் இல்லாதபோது காது அந்த இடத்தைக் கேட்க ஆரம்பிக்கிறது. இந்தக் குழுவிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த இசைக் கட்டுரையும் இல்லை. குடியாத்தத்தில் மைக்செட் வைத்திருந்த என் மாமா.

மாமாவின் கடையில் சின்ன வயதில் நான் நிறைய நேரம் கிடந்திருக்கிறேன். திருவிழா, கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர்களைத் தெருவெங்கும் கட்டிக்கொண்டு போவார்கள். கோயில் வாசலில் ஒன்று, ஏரிக்கரை அரசமரத்தில் ஒன்று, பஸ் நிற்கிற முனையில் ஒன்று. வயரில் மின்சாரம் உடனே ஓடிவிடும், எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில்தான் ஒலிக்கும். ஆனால் காற்றில் சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கோயில் வாசலில் நிற்கிறவருக்குப் பக்கத்துக் குழாய் உடனே கேட்கும். 170 மீட்டர் தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் அரை வினாடி கழித்து வரும். ஒரே நாகஸ்வரம் இரண்டாக, மூன்றாக மடிந்து மடிந்து வரும். தெருவில் நடக்க நடக்க அந்த மடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். போஸ்ட்-ராக் கிட்டார்காரர்கள் காலடியில் டிலே பெடல் என்று ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு செய்வது இதே வேலைதான். வாசித்த ஒரு சுரத்தை அரை வினாடி தள்ளித் திருப்பிச் சொல்ல வைப்பது. வடாற்காட்டுத் தெருக்களில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குள்தான் வளர்ந்தோம்.

மாமாவிடம் இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கடையில் இருந்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸில் ஓடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

“இன்னாடா, ரெண்டு பேரு டிரம் அடிக்கிறானுங்களா?”

“ஆமா மாமா.”

“அதான பார்த்தேன். ஒர்த்தன் அடிக்கிறது இந்தப் பக்கம் கேக்குது, ஒர்த்தன் அந்தப் பக்கம். மைக்கைத் தள்ளித் தள்ளி வெச்சிருக்கானுங்க. ஹால்ல புடிச்சதா?”

“மரக் கொட்டாயில மாமா.”

“பாட்டு இல்லியா?”

“இல்ல மாமா. வாசிப்பு மட்டும்தான்.”

“சரி, ஓடட்டும்.”

முழுசும் ஓடியது. நடுவில் ஒருவர் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். மாமா அவரிடம் பேசும்போதுகூடச் சத்தத்தைக் குறைக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்த இரண்டு டிரம்மர்களையும் தனித்தனியாகக் கேட்கப் பழகினேன். ஜேம்ஸ் பேமென்ட், டேவிட் மிட்செல் என்று இரண்டு பேர். ஒரே தாளத்தை இரட்டையாக அடித்துச் சத்தத்தைக் கூட்டுவது இவர்கள் நோக்கம் இல்லை. ஒருவர் நேராகப் போவார், மற்றவர் இடைவெளிகளில் நுழைந்து வெளியே வருவார். கொஞ்ச நேரத்தில் யார் நேராகப் போனது, யார் நுழைந்தது என்பதே மாறியிருக்கும்.

பாட்டு இல்லாத வாசிப்பைத் தனியாக உட்கார்ந்து கேட்கிற பழக்கம் நமக்கு இல்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வடாற்காட்டைப் பொறுத்தவரை அது சரியில்லை. இது தெருக்கூத்தின் மண். செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சொன்னால் கூத்து தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. கடைசி நாள் படுகளமும் தீமிதியும். அந்தக் கூத்து எப்படி ஆரம்பிக்கும்? வேஷம் எதுவும் வராது. கூத்தை நடத்திக்கொண்டு போகிற கட்டியங்காரனும் வரமாட்டான். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை (சின்ன நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற குழல்), தாளம் இவ்வளவும் சேர்ந்து முதலில் வாசிக்கும். களரி கட்டுவது என்பார்கள். ஊருக்குச் சொல்கிற வாசிப்பு அது. சாப்பிட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அது தூரத்தில் கேட்கும், கிட்ட வரவர முகவீணை தனியாகப் பிரிந்து கூர்மையாகும். சும்மா கிடந்த ஒரு வெற்றுத் திடலை, இனிமேல் விடியும்வரை இது அஸ்தினாபுரம், இது வனம், இது குருக்ஷேத்திரம் என்று மாற்றுகிற வேலையை அந்த வாத்தியங்கள் சொல்லே இல்லாமல் செய்துவிடும்.

எனக்குக் கூத்தில் ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். கர்ணன் வரும்போது தூங்கியிருக்கிறேன், களரி கட்டும்போது தூங்கியதில்லை. இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் கடைசியில் ‘த ஃபேர் டு கெட் தேர்’ என்று இருபது நிமிடத்துக்குக் கிட்ட வரும் ஒரு உருப்படி இருக்கிறது. அவ்வளவு நேரம் எப்படிப் பொறுமையாகக் கேட்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் களரியைத்தான் காட்டுவேன். விடியவிடிய உட்கார்ந்து கேட்ட ஊருக்கு இருபது நிமிடம் என்ன பெரிய விஷயம்!

அதற்காக இரண்டும் ஒன்று என்று இழுத்துக் கட்ட மாட்டேன். களரி திறந்தவெளியில் நடக்கிறது. திறந்தவெளியில் சத்தம் போனால் போனதுதான், திரும்பி வராது. அதனால்தான் முகவீணை அவ்வளவு கூராகவும் உரக்கவும் இருக்கவேண்டியிருக்கிறது. டோலக் இடைவிடாமல் அடிக்கவேண்டியிருக்கிறது. கொட்டகைக்குள் வாசிக்கிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு சுரத்தை விட்டுவிட்டுக் காத்திருக்கலாம், மீதியைக் கூரை பார்த்துக்கொள்ளும். கருவி எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை இடமே முடிவு செய்கிறது. முகவீணையை அந்தக் கொட்டகையில் வாசித்தால் காது கிழியும். இவர்களுடைய மெல்லிய டிரம்பெட்டைப் பாரதத் திடலில் வாசித்தால் முதல் பாய்க்குக்கூட எட்டாது.

நம் பக்கம் உள்ளே வாசிக்க இடமே இல்லையா என்றால், பாறை இருக்கிறது. சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில், வயல்வெளிக்கு நடுவே தனியாகக் கிடக்கிற ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஒரு கோயில் செய்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டு. மகேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. சின்ன இடம். உள்ளே நின்று மெதுவாக ஒரு ‘ம்’ சொன்னால் குரல் தடிக்கும். தனி எதிரொலியாக வராது. எதிரொலி பிரிந்து கேட்கச் சுவர் சுமார் 17 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இங்கே சுவர் கைக்கெட்டும் தூரம். அதனால் திரும்பி வருகிற சத்தம் சொன்ன சத்தத்தோடேயே கலந்து அதைக் கனமாக்கிவிடுகிறது. கல் எதையும் உறிஞ்சுவதில்லை, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மரக் கொட்டகையின் கதகதப்பு இங்கே கிடையாது, ஒரு மினுமினுப்பு உண்டு. காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையிலும் சமணச் சிற்பங்கள் இருக்கிற பாறைக்கடியில் நின்றால் இதே போல ஒன்று கேட்கும். அங்கே திருப்புகழ் பாடுகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். சந்தத்தின் ஒவ்வொரு தட்டும் பாறையில் பட்டு வருவதைக் கேட்டால், இந்தப் பாட்டுக்கும் இந்தக் கல்லுக்கும் ரொம்ப நாள் பழக்கம் என்று தோன்றும்.

சரி, குழுவுக்கு வருகிறேன். அவர்களுடைய உச்சம் என்று நான் நினைப்பது 2003இல் வந்த ‘விண்டர் ஹிம் கன்ட்ரி ஹிம் சீக்ரெட் ஹிம்’. ஒன்பது உருப்படிகள். முதலாவது ‘ஃப்ரெடெரிசியா’. அது ஆரம்பிக்கும்போது யாரோ பக்கத்து அறையில் கிட்டாரைச் சரிபார்ப்பது போலத்தான் இருக்கும். அவசரமே படாது. பேஸ் வந்து உட்காரும், டிரம் வந்து உட்காரும். நடுவில் எல்லாம் பெரிதாகும். மற்ற குழுக்கள் அங்கே முடித்திருப்பார்கள், இவர்கள் இறங்குவார்கள். அந்த இறக்கத்தில்தான் உருப்படியின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். பெரிய சத்தம் கேட்டுப் பழகிய காதோடு சின்னச் சத்தத்துக்குத் திரும்பும்போது, முன்னால் கவனிக்காத நெளிவெல்லாம் கேட்கும். இதே ஆல்பத்தின் ‘ஆன்டாரியோ ப்ளேட்ஸ்’ இன்னொரு மாதிரி, ஜாஸ் பக்கம் சாய்ந்தது. காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகிற ரயிலில் பாலாற்றங்கரையை ஒட்டி இதைக் கேட்டுக்கொண்டு போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் இருக்கும். 2021 நவம்பரில் மட்டும் இரண்டு கரையும் நிரம்பி ஓடியதைப் பார்த்தோம். அந்த வாரம் எந்த இசையும் கேட்கவில்லை, ஆற்றைத்தான் போய்ப் போய்க் கேட்டேன்.

2007 ஆல்பத்தில் முதல் முறையாகச் சில இடங்களில் பாடகர் குரல் வந்தது. நல்ல பாட்டுகள்தான். ஆனால் குரல் வந்தவுடன் என் காது கொட்டகையை விட்டுவிட்டுச் சொல்லைத் தேடிப் போய்விடுகிறது. அதனால் அந்த உருப்படிகளுக்கு நான் அடிக்கடி போவதில்லை. 2009க்குப் பிறகு எட்டு ஆண்டு ஒன்றும் வரவில்லை. 2017இல் ‘ஸ்டபர்ன் பெர்சிஸ்டன்ட் இல்யூஷன்ஸ்’ வந்தது. அதில் இரண்டு டிரம்மர்களும் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் வாசித்திருக்கிறார்கள்.

குரலைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் குழுவில் பேஸும் டிரம்பெட்டும் வாசிக்கிற சார்ல்ஸ் ஸ்பியரின் 2009இல் தனியாக ‘த ஹேப்பினஸ் ப்ராஜெக்ட்’ என்று ஒரு ஆல்பம் செய்தார். தன் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை உட்காரவைத்து மகிழ்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு அவர்கள் பேசிய பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே சாக்ஸபோனிலும் மற்ற வாத்தியங்களிலும் வாசிக்க வைத்தார். பேச்சு ஓடும், கூடவே வாத்தியம் அதே வளைவில் ஓடும். பிறவியிலேயே காது கேட்காமல் இருந்து, பெரியவளான பிறகு காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பொருத்திக்கொண்ட ஒரு பெண், முதன்முதலாகச் சத்தம் கேட்டதைச் சொல்லும் உருப்படி ஒன்று அதில் உண்டு. ஒவ்வொரு தடவையும் என்னைக் கலங்க வைக்கிற பதிவு அது. 2010இல் கனடாவின் ஜூனோ விருது, ஜாஸ் பிரிவில், அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. மிகச் சரியான தீர்ப்பு.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. நம் பக்கத்துப் பேச்சுக்கே ஒரு ராகம் உண்டு. ‘இன்னா’, ‘வந்துகினு’, ‘போய்கினு’ என்று நீட்டி மடக்குகிற வடாற்காட்டுப் பேச்சை மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஒரு முகவீணைக்காரர் அந்தப் பேச்சின் வளைவை அப்படியே வாசித்துப் பார்க்கட்டும். குடியாத்தம் சந்தையில் விலை பேசுகிற ஒரு ஆயாவின் இரண்டு நிமிடப் பேச்சு போதும். கூத்தில் முகவீணை பாடகரின் அடியைப் பின்தொடர்ந்து வாசிப்பது வழக்கம்தானே, அவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. யாராவது செய்தால் கேட்கிற முதல் ஆளாக நான் இருப்பேன். மைக் வைத்துக்கொடுக்க மாமாவையும் கூட்டி வருவேன்.

இந்தக் குழுவை இப்போது கேட்க நினைக்கிறவர்களுக்கு: 2003 ஆல்பத்தில் தொடங்குங்கள், பிறகு 2000இல் வந்த கொட்டகை ஆல்பம். முதல் ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள், அது பழகின காதுக்குத்தான் திறக்கும். கத்திரி வெயிலில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது கேட்டால் பாதி காணாமல் போகும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடி நல்லது. ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். இயர்போன் என்றால் இரண்டு காதிலும் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் டிரம்மர்களில் ஒருவரை இழந்துவிடுவீர்கள். பழைய பாக்ஸ் இரண்டு கிடைத்தால் அதைவிட நல்லது. ஒன்றை மாடியின் இந்த மூலையில், இன்னொன்றை எதிர் மூலையில் வைத்துவிட்டு நடுவில் உட்காருங்கள், அப்புறம் எழுந்து கொஞ்சம் நடந்தும் பாருங்கள்.